இரண்டாம் சர்வரின் சீனியாரிட்டி

மாநில ஊதுபத்தித் தரச் சான்று வாரியத்தில் தவறு செய்தவர்களைப் பீதருக்கு மாற்றுவார்கள். தவறு செய்யாதவர்கள், தவறு நடந்தபோது பக்கத்தில் நின்றிருந்தால், அவர்களையும் மாற்றுவார்கள். பீதர் கர்நாடகத்தின் வடக்குக் கோடியில் இருக்கிற ஊர். அங்கே வாரியத்துக்கு ஒரு கிளை உண்டு. அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஊதுபத்தி உருட்டுகிறவர் ஒருவரும் கிடையாது. கிளையை மூடிவிடலாமே என்று தணிக்கைக்கு வந்தவர்கள் ஒருமுறை கேட்டதற்கு, மூடிவிட்டால் ஊழியர்களிடம் ஒழுங்கு எப்படி இருக்கும் என்று வாரியம் திருப்பிக் கேட்டது. வந்தவர்கள் அந்த நியாயத்தை ஒப்புக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

சீனிவாசராகவன் அந்த வாரியத்தில் செக்‌ஷன் ஆபீசர். அப்பா காலத்திலிருந்தே சர்க்கார் உத்தியோகக் குடும்பம். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் சொந்த வீடு. ஆபீசிலும் வீட்டிலும் சீனு. மனைவி ரமா பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மகள் அனன்யா அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி. இத்தனை வருஷ உத்தியோகத்தில் சீனுவுக்கு ஒரே ஒரு லட்சியம்தான் இருந்தது: பீதரைப் பார்க்காமல் ஓய்வு பெற வேண்டும். அதற்காக அவர் தவறு நடக்கக்கூடிய இடங்களில் நிற்காமல் இருக்கப் பழகியிருந்தார். வேலை நடக்கிற இடத்தில்தான் தவறு நடக்கும் என்பதால், இது வாரியத்தில் அவ்வளவு சிரமமான பழக்கம் இல்லை.

வாரியத்தின் வேலை எளிமையானது. ஊதுபத்தி எவ்வளவு நேரம் எரிகிறது, சாம்பல் முறியாமல் நிற்கிறதா, பெட்டியில் மல்லிகை என்று போட்டிருந்தால் வருவது மல்லிகை வாசம்தானா என்று நகர ஓரத்துப் பீன்யாவில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் கொளுத்திப் பார்ப்பார்கள். இன்ஃபன்ட்ரி ரோட்டுத் தலைமை அலுவலகத்தில் சான்றிதழ் கொடுப்பார்கள். சான்றிதழ் இல்லாமல் லாரி நகராது. தொண்ணூறுகளின் கடைசியில் இதையெல்லாம் கம்ப்யூட்டருக்கு ஏற்றினார்கள். எல்லா விவரமும் சர்வர் என்கிற ஒரு பெரிய பெட்டிக்குள் போயிற்று. அதற்கென்று ஓர் அறை. அறை வாசலில், அமைச்சர் திறந்து வைத்தார் என்று பொறித்த கருங்கல் பலகை. அறைக்கு நேர் மேலே, அடுத்த மாடியில், கான்டீன்காரர்கள் பாத்திரம் கழுவும் தொட்டி. இதை யாரும் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அது வேறு மாடி, வேறு பிரிவு, வேறு கோப்பு.

ஒரு மழைக்காலத்தில் தொட்டி நிரம்பி வழிந்தது. சாம்பார் கலந்த தண்ணீர் சீலிங் வழியாக இறங்கி சர்வரின் மண்டையில் விழுந்தது. சர்வர் நின்றது, சான்றிதழ் நின்றது, லாரிகள் சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வரிசை கட்டி நின்றன. விசாரணை நடந்தது. தண்ணீர் கீழ்நோக்கி விழுவது இயற்கை, அதன்மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லை; தொட்டி கான்டீனைச் சேர்ந்தது, கான்டீன் தொழிலாளர் நலனைச் சேர்ந்தது; ஆகவே தண்ணீர் விழுகிற இடத்தில் சர்வரை வைத்திருந்த சிஸ்டம் ஆபீசர் வெங்கடகிருஷ்ணனே பொறுப்பு என்று முடிவாயிற்று. சம்பவத்தன்று தான் மச்சினி கல்யாணத்துக்காக லீவில் இருந்ததாக வெங்கடகிருஷ்ணன் எழுதிக் கொடுத்தார். அது இரண்டாவது குற்றச்சாட்டாகச் சேர்க்கப்பட்டது. அவர் பீதருக்குப் போனார்.

காலியான நாற்காலிப் பக்கம் யாரும் போகவில்லை. அந்த வராந்தாவையே சுற்றிப் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் சீனு, தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை, பிரின்டரில் சிக்கிய காகிதம் ஒன்றை இழுத்து எடுத்தார். நிர்வாக ஜெனரல் மானேஜர் சின்னப்பா அதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டார். மறுநாள் சீனு சிஸ்டம் ஆபீசர்.

"ஏன்னா, உங்க ஆபீஸ்ல அதைத் தவிர வேற நாற்காலியே கிடையாதா?" என்றாள் ரமா.

"இருக்கு. அதுல எல்லாம் ஆள் இருக்கா."

"அனன்யாவுக்கு மார்ச்ல பரீட்சை. நானும் ஸ்கூலை விட்டுட்டு வர முடியாது. அது வரைக்குமாவது எதையும் உடைச்சு வைக்காதேங்கோ."

"நான் எங்கே உடைக்கறேன்? அது தானா உடையும்."

"அப்போ உடைஞ்சாலும் ஓடறதா ஒண்ணு வாங்கித் தரச் சொல்லுங்கோ."

ரமா சும்மாதான் சொன்னாள். ஆனால் அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கிறது என்பதை, எலெக்ட்ரானிக் சிட்டியில் நடந்த பயிற்சி வகுப்பில் சீனு தெரிந்துகொண்டார். அதற்குப் பழுது தாங்கும் அமைப்பு என்று பெயர். பாடம் நடத்திய பையன் நிறைய படங்கள் போட்டான். மதியச் சாப்பாடு நன்றாக இருந்ததால் சீனுவுக்குப் பிற்பகல் பாடங்கள் சரியாகப் பிடிபடவில்லை. ஆனால் முற்பகலில் கேட்ட ஒரே ஒரு விஷயம் நெஞ்சில் ஆணி அடித்தாற்போல் நின்றது. திரும்பி வந்து அதைக் குறிப்பாக எழுதி மேலே அனுப்பினார்: "எது நின்றுபோனால் எல்லாம் நின்றுபோகுமோ, அது ஒன்றாக இருக்கக் கூடாது, இரண்டாக இருக்க வேண்டும். அந்த இரண்டையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது." ஒரு சர்வர் தலைமை அலுவலகத்தில், இன்னொன்று பீன்யாவில்; ஒன்று விழுந்தால் மற்றது கண் இமைக்கும் நேரத்தில் தானாகவே வேலையை எடுத்துக்கொள்ளும் என்று தொடங்கி, அறை, கட்டடம், மின்சார லைன், தூரம் என்று வரிவரியாக விளக்கமும் சேர்த்திருந்தார்.

நிர்வாக இயக்குநர் ஸ்ரீஹர்ஷா அந்தக் குறிப்பைப் பார்த்து மகிழ்ந்து போனார். அவர் மீன்வளத்திலிருந்து புதிதாக வந்தவர். அதற்கு முன்னால் பட்டு வளர்ச்சி. உடனே 'சர்வர் இட நிர்ணயக் குழு' என்று ஒன்று அமைத்து, தானே தலைவராக உட்கார்ந்து, துவக்க உரை ஆற்றினார். பழுது தாங்குவது தனக்குப் புதிதல்ல என்றார். "நான் ஏழெட்டு இலாகா பார்த்திருக்கேன். நான் இருக்கற வரைக்கும் ஒரு இலாகாகூட விழுந்தது இல்லை. எல்லாமே நான் கிளம்பின அப்புறம்தான் விழுந்துது. இதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க." குழு யோசித்துப் பார்த்து, கைதட்டியது.

சர்வர்கள் இரண்டும் ஒரே நாளில், ஒரே வண்டியில், ஒரே மாதிரி பெட்டிகளில் வந்து இறங்கின. முதல் சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

சின்னப்பா கோலார் பக்கத்துக்காரர். கன்னடம், தமிழ், தெலுங்கு மூன்றும் சரளமாகப் பேசுவார். மூன்றிலும் பணி விதிகளை மட்டுமே பேசுவார். இரண்டு பெட்டிகளையும் சுற்றி வந்து பார்த்தவர், சீனுவைக் கூப்பிட்டார்.

"நோடி, இங்க பாருங்க சீனிவாசராகவன், ரெண்டும் ஒரே கிரேடு. இதுல எது மெயின், எது ஸ்டாண்ட்பை?"

"எதை வேணும்னாலும் வெச்சுக்கலாம் சார். ரெண்டும் ஒண்ணுதான்."

"ரெண்டும் ஒண்ணுன்னா சீனியர் யாரு?"

சீனுவுக்குப் பதில் தெரியவில்லை. விதிகளுக்குத் தெரிந்திருந்தது. ஒரே நாளில் பணியில் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவரே சீனியர். பெட்டிகளின் முதுகைத் திருப்பி, தயாரித்த தேதியைப் பார்த்தார்கள். ஒன்று பிப்ரவரியில் பிறந்தது, மற்றது ஏப்ரலில். அதற்குள் சீனு ஏப்ரலைப் பிரித்து, மெயின் என்று சீட்டு ஒட்டி, ஓடவும் விட்டிருந்தார்.

மெஷின் இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாது என்று சீனு சொல்லிப் பார்த்தார். சின்னப்பாவுக்கு அவர்மேல் இரக்கமே வந்துவிட்டது.

"மெஷின் கேக்காது சாமி. யூனியன் கேக்கும். நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போய், இந்த வாரியத்துல ஜூனியரை மேல உக்காத்தி வெச்ச முன்னுதாரணம் இருக்குதுன்னு காட்டுவான். அப்போ நீங்க வந்து சாட்சி சொல்றீங்களா?"

ஏப்ரலை நிறுத்தி, அழித்து, பிப்ரவரியை மெயினாக்கினார்கள். ஏப்ரல் ஸ்டாண்ட்பை. அதன் பணிமூப்புக்கு இதனால் பாதகமில்லை என்று ஒரு வரியும் எழுதி வைக்கப்பட்டது.

அடுத்தது இடம். ஏப்ரலைப் பீன்யாவுக்கு அனுப்பலாம் என்று சீனு ஆரம்பித்த உடனேயே குழுவில் முகங்கள் சுருங்கின. தலைமை அலுவலகத்திலிருந்து பீன்யாவுக்குப் போவது, பீதர் அளவுக்கு இல்லாவிட்டாலும், வாரியத்தில் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கப்படும். விளக்கம் கேட்காமல், குற்றப்பத்திரிகை கொடுக்காமல், புத்தம்புது சர்வரை அப்படி அனுப்புவது இயற்கை நீதிக்கு விரோதம் என்றார் சின்னப்பா. ஸ்ரீஹர்ஷாவுக்கு வேறு கவலை. அமைச்சர் ஓர் அறையைத் திறந்து வைத்து, அது சர்வர் அறை என்று கல்லிலும் பொறித்தாயிற்று. இன்னொரு சர்வர் வேறெங்கோ இருந்தால், அமைச்சர் தப்பான அறையைத் திறந்தார் என்று ஆகாதா?

பாதுகாப்பு அதிகாரி ஆம்ப்ரோஸ், ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். கருத்துக் கேட்டபோது எழுந்து நின்றார். "என்கிட்ட இருக்கறது ஒரு பூட்டு, ஒரு ஆளு. ரெண்டு எடத்துல வெச்சா நான் எந்தப் பக்கம் திரும்பறது? ஒரே எடத்துல வைங்க சார். திருட்டுப் போனா ரெண்டும் போச்சுன்னு கரெக்டா ரிப்போர்ட் குடுத்துடுவேன். ஒண்ணு இருக்குது ஒண்ணு இல்லன்னா எனக்குத்தான் கொழப்பம்."

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. சீனுவுக்கு மட்டும் படவில்லை. அவருடைய இயல்புக்கு மாறாகக் கையைத் தூக்கி, அறையின் சீலிங்கைக் காட்டி, மேலே தொட்டி இருப்பதை நினைவூட்டினார். எல்லோரும் சீலிங்கைப் பார்த்தார்கள். போன மழையின் கறை அங்கே இந்தியா வரைபடம் போல இன்னும் இருந்தது. தொட்டி இந்தக் குழுவின் வரம்பில் வராது, அது கான்டீன் குழுவின் விஷயம், கான்டீன் குழு யூனியன் தேர்தலுக்குப் பிறகு கூடும் என்று ஸ்ரீஹர்ஷா குறிப்பெழுதச் சொன்னார்.

ஆனால் சீனுவின் குறிப்பைக் குழு அலட்சியம் செய்தது என்று ஒருவரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு வரிக்கும் மதிப்புக் கொடுத்தார்கள். இரண்டும் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்று எழுதியிருந்ததால், அறைக்கு நடுவில் பிளைவுட் பலகை ஒன்று நிறுத்தி, இந்தப் பக்கம் அறை எண் 1, அந்தப் பக்கம் அறை எண் 1-ஏ என்று போர்டு மாட்டினார்கள். ஒரே கட்டடத்தில் இருப்பது நல்லதல்ல என்றும் எழுதியிருந்தார். 1-ஏ தனி இணைப்புக் கட்டடம் என்று எஸ்டேட் பிரிவு பதிந்துகொண்டது. ஒரே மின்சார லைனில் இருக்கக் கூடாது. ஒரு பிளக் பாயின்டுக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தார்கள், அதே லைனில் இருந்த பக்கத்துப் பாயின்டுக்குப் பச்சை. இரண்டுக்கும் இடையில் சில கிலோமீட்டராவது இருப்பது உத்தமம் என்ற வரியில் மட்டும் குழு கொஞ்சம் திணறியது. சின்னப்பாதான் வழி கண்டுபிடித்தார். பயணப்படி விதிகளின்படி தூரம் என்பது உத்தியோகபூர்வ வழியில் அளக்கப்பட வேண்டும். 1-ஏ தொழில்நுட்ப இணைப்பு என்பதால் ஆய்வுக்கூடத்தின் கீழ் வருகிறது. ஆகையால் 1-இலிருந்து 1-ஏ-வுக்கு ஒரு கடிதம் போக வேண்டுமானால், அது பீன்யா போய் முத்திரை வாங்கித்தான் திரும்பி வரும். பலகையின் கனம் ஒரு விரற்கடை. உத்தியோகபூர்வ தூரம், போக வர, யஷ்வந்த்பூர் நெரிசலோடு சேர்த்து அரை நாள்.

சீனு பலகைமேல் கை வைத்துப் பார்த்தார். அந்தப் பக்கத்துச் சர்வரின் சூடு இந்தப் பக்கம் தெரிந்தது.

கடைசியில் வந்தது தானாக வேலையை எடுத்துக்கொள்வது என்கிற விஷயம். இதைக் கேட்டதும் சின்னப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தானா எடுத்துக்குமா? ஆர்டர் இல்லாமலா?"

"ஆமா சார். மெயின் நின்ன அடுத்த செகண்டு."

"இந்த வாரியத்துல யாரும் தானா சார்ஜ் எடுத்தது கிடையாது. எடுத்தவன் ஒருத்தன் சஸ்பென்ஷன்லயே ரிடையர் ஆனான். பொறுப்பை ஒருத்தர் ஒப்படைக்கணும், இன்னொருத்தர் ஏத்துக்கணும். முற்பகலா பிற்பகலான்னு எழுதணும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்."

"மெயின் செத்துப் போயிருக்கும் சார். அது எப்படி ஒப்படைக்கும்?"

சின்னப்பா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அதுதான் நான் உங்களைக் கேக்கறேன்."

ஆகவே, தானாக எடுத்துக்கொள்ளும் வசதி நிறுத்தி வைக்கப்பட்டது. மெயின் பழுதானால் சிஸ்டம் ஆபீசர் அதன் சார்பில் ஒப்படைப்புக் கையெழுத்தும், ஸ்டாண்ட்பையின் சார்பில் ஏற்புக் கையெழுத்தும் போட்டு, ஜெனரல் மானேஜர் ஆணை பிறப்பித்த பின், பச்சை ஸ்விட்சைப் போட வேண்டும் என்று நடைமுறை வகுத்தார்கள். இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நாளும் குறித்தார்கள். ஸ்ரீஹர்ஷா பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் சிவப்பு ஸ்விட்சை அணைத்தார். ஆணையைத் தட்டச்சு செய்யப் போனார்கள். தட்டச்சு சர்வர் வழியாகத்தான் நடக்கும். பரணிலிருந்து பழைய டைப்ரைட்டரை இறக்கினார்கள். ஆணைக்கு எண் போட வேண்டும். அந்த எண்ணைக் கொடுப்பதும் சர்வர்தான். பிறகு பேனாவால் தற்காலிக எண் ஒன்று போட்டு, பிற்பகல் டிபனுக்குப் பிறகு ஏப்ரல் பொறுப்பேற்றது. சோதனை வெற்றி என்று அறிவித்தார்கள். தன்னிடம் பொறுப்பு ஒப்படைத்தவர் மூன்று வாரம் எடுத்துக்கொண்டதாகவும், மெஷின் அரை நாளில் முடித்துவிட்டதாகவும் சின்னப்பா பத்திரிகைக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

அன்று மாலை சீனு மல்லேஸ்வரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வானம் கறுத்துக்கொண்டிருந்தது. அவருக்கு மேகம் தெரியவில்லை, பீதர் தெரிந்தது.

பயம் மனிதனைத் தைரியசாலி ஆக்கும். மறுவாரம் சீனு ஒரு காரியம் செய்தார். சாம்பாரில் நனைந்த பழைய சர்வர், 'கண்டம்', அதாவது கழிவுப் பொருள், என்று முத்திரை குத்தப்பட்டு, மாடிப்படிக்குக் கீழே ஏலத்துக்குக் காத்திருந்தது. வெயிலில் காய வைத்து, உள்ளே இருந்த கறிவேப்பிலையைத் தட்டிவிட்டு, இரண்டு பாகங்களை மாற்றினால் அது ஓடும் என்று அவருக்குத் தெரிந்தது. ஓடியது. கழிவுப் பொருள்களைப் பீன்யா ஷெட்டுக்கு அனுப்புவது வழக்கம்தான், அனுப்பினார். அங்கே குமாஸ்தா சண்முகம், தருமபுரிப் பக்கத்துக்காரன், சந்தன மாதிரிகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் இடம் ஒதுக்கிக் கொடுத்தான். டெலிபோன் ஆபரேட்டர் அறை வழியாகப் பீன்யாவுக்கு ஏற்கெனவே ஒரு லைன் இருந்தது. விவரங்களின் பிரதி ஒன்று தினமும் அதன் வழியே போகும்படி செய்தார். சீனு யாரையும் கேட்காமல், தலைமை அலுவலகத்தின் எல்லா மேசைக் கம்ப்யூட்டர்களிடமும், முதலிரண்டும் குரல் கொடுக்காவிட்டால் மூன்றாவதைத் தேடு என்று சொல்லி வைத்தார். அதற்கு ஆணை தேவைப்படவில்லை. வாரியத்தின் கணக்கில் அது செத்துப்போன பொருள். செத்தவர்களுக்குச் சீனியாரிட்டி கிடையாது. செத்தவர்கள் பொறுப்பேற்கக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

சண்முகம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "இன்னா சார், கண்டம்னு எழுதியிருக்குது, லைட்டு எரியுது?"

"எழுதினது எழுதினபடி இருக்கட்டும் சண்முகம்."

"அப்போ நான் இத்தப் பாக்கல. லைட்டு அணைஞ்சா மட்டும் போன் பண்றேன்."

அக்டோபர் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலை, கான்டீன் நடத்தும் சந்திரம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டே மாடிப்படி இறங்கி வந்தார். "பைப்பு புட்டுக்கினு போச்சு ஸ்வாமி. துணி வெச்சு அமுத்தினேன், நிக்கல. கீழ ஏதாவது வெச்சிருந்தா எடுத்துக்கோங்க."

கீழே வைத்திருந்ததை எடுக்க ஆம்ப்ரோஸின் சாவி வேண்டும். ஆம்ப்ரோஸ் சாவியோடு வருவதற்குள், தண்ணீர் இந்தியா வரைபடத்தின் நடுமத்தியில் பொத்துக்கொண்டு இறங்கியது. நேராகப் பிளைவுட் பலகையின் உச்சியில் விழுந்தது. பலகை பாரபட்சம் பார்க்கவில்லை. இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று பிரித்துக் கொடுத்தது. பிப்ரவரி முதலில் அணைந்தது, ஏப்ரல் அடுத்து. சாவிலும் சீனியாரிட்டி காப்பாற்றப்பட்டது.

சின்னப்பா ஓடி வந்தார். ஆணைப் படிவம் கையிலேயே இருந்தது. ஆனால் ஒப்படைக்க ஆளில்லை, ஏற்கவும் ஆளில்லை. அவர் உத்தியோகத்தில் இப்படி ஒரு காலியிடத்தைக் கண்டதில்லை. சீனு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். அப்போது மாடியிலிருந்து கிர்ர், கிர்ர் என்று சத்தம் வந்தது.

"என்ன அது?"

"பிரின்டர் சார். சான்றிதழ் வருது."

"யார் சார்ஜுல?"

சீனு வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன.

விசாரணையில் அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். செத்துப்போன சாமான் எந்த விதியின் கீழ் வேலை செய்தது என்று சின்னப்பா திரும்பத் திரும்பக் கேட்டார். விதிக்கு அது இருப்பதே தெரியாது, அதனால்தான் செய்தது என்று சீனு உள்ளதைச் சொன்னார். சின்னப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆனால் ஸ்ரீஹர்ஷா பெரிய மனுஷர். ஒரு நட்சத்திர ஓட்டலில் அரசு நிறுவனங்களின் கருத்தரங்கம் ஒன்று வந்தது. அதில் வாரியத்தின் அனுபவத்தை விவரித்தார். "தண்ணீர் விழுந்தது. நாங்கள் விழவில்லை. ஏன்? அறை 1, அறை 1-ஏ, இடையில் ஒரு பலகை. அந்தப் பலகைதான் தொலைநோக்கு" என்று முடித்தபோது அரங்கம் எழுந்து நின்றது. கேடயம் கொடுத்தார்கள். திரும்பி வந்து, சீனுவுக்கும் மைசூர் பேட்டா என்கிற தலைப்பாகை கட்டி, சால்வை போர்த்தி, பழக்கூடை கொடுத்து, போட்டோ எடுத்தார்கள்.

சீனு பேட்டாவோடேயே வீட்டுக்கு வந்தார். ரமா ஆப்பிளை நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ பீதர் இல்லையே?"

"இனிமே எதுக்கு? எதுவும் நிக்கலையே."

"இல்லேன்னு எழுதிக் குடுத்தாளா?"

எழுதிக் கொடுக்கவில்லை. குழு அடுத்த மாதம் கடைசி முறையாகக் கூடியது. புதிய சர்வர்கள் இரண்டு வந்து, பழையபடி 1-லும் 1-ஏ-விலும் உட்கார்ந்துவிட்டன. பலகைக்கு வார்னிஷ் அடித்தாயிற்று. பீன்யாவிலிருந்த கண்டம் சாமான், வேலை செய்தது நிரூபணமாகிவிட்டதால், உடனடியாக ஏலத்தில் விடப்பட்டது. ஸ்ரீஹர்ஷா சீனுவின் பழைய குறிப்பை எடுத்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, உரக்க வாசித்தார். எது நின்றுபோனால் எல்லாம் நின்றுபோகுமோ, அது ஒன்றாக இருக்கக் கூடாது. வாசித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"அன்னிக்கு ரெண்டு சர்வரும் போச்சு. வாரியம் நிக்கலை. அப்போ எது நின்னா வாரியம் நிக்கும்?" அவர் பார்வை சீனுவின்மேல் வந்து தங்கியது. "இவர் ஒருத்தர்தான். இத்தனை பெரிய ஸ்தாபனம் ஒரே ஒரு ஆள்மேல நின்னுட்டிருக்கு. இவரே எழுதியிருக்கார், இது ரொம்ப ஆபத்துன்னு."

ஸ்ரீஹர்ஷா தொடர்ந்தார். சண்முகத்தைத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டு வந்து பொறுப்பில் உட்கார வைக்கலாம். சீனிவாசராகவன் மாற்று ஏற்பாடாக இருப்பார். ஆனால் இருவரும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. ஒரே கட்டடத்தில் கூடாது. ஒரே மின்சார லைனில்கூடக் கூடாது. வாரியத்தின் அலுவலகங்களில் இன்ஃபன்ட்ரி ரோட்டிலிருந்து அதிகத் தூரத்தில் இருப்பது எது என்று கேட்டார். சின்னப்பா புத்தகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்.

"சார், பொண்ணுக்கு மார்ச்ல பரீட்சை," என்றார் சீனு. "மெஷினை வேணும்னா ஒண்ணை அங்க அனுப்பலாம் சார்."

"மெஷின் போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம் சீனிவாசராகவன். உங்களை இழக்க முடியாது. அதனாலதான் உங்களை இங்க வெச்சுக்க முடியலை." ஸ்ரீஹர்ஷாவின் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. குழு கைதட்டியது. சண்முகத்திடம் முறைப்படி பொறுப்பை ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, பிற்பகல் என்று எழுதிவிட்டுக் கிளம்பச் சொன்னார்கள். சண்முகத்துக்குத் தெரிந்ததெல்லாம் லைட்டு எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்பதுதான். போதும் என்று குழு கருதியது.

பெட்டியில் ஸ்வெட்டரை மடித்து வைத்துக்கொண்டே ரமா சொன்னாள்: "தப்புப் பண்ணினாலும் பீதர், பண்ணலைன்னாலும் பீதர். நடுவுல எதுக்குன்னா இத்தனை மெனக்கெட்டேள்?"

"ஒரு பழக்கூடை கிடைச்சுதே," என்றார் சீனு.

பீதர் கிளை, கோட்டைக்குப் போகிற ரோட்டில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. ஒரே அறை, இரண்டு மேசை. ஒன்றில் வெங்கடகிருஷ்ணன் உட்கார்ந்து வாரப் பத்திரிகையின் குறுக்கெழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். சீனுவைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. எழுந்து வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார், டீ சொன்னார், பெங்களூர் சமாசாரம் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பலகையைப் பற்றிச் சொன்னபோது தலையை ஆட்டினார். கேடயத்தைப் பற்றிச் சொன்னபோதும் அதே மாதிரி ஆட்டினார். பிறகு பேனாவை மூடினார்.

"ஒண்ணு கேக்கறேன். அந்தச் சிஸ்டத்தைப் பத்தி முழுசாத் தெரிஞ்சவங்க வாரியத்துலயே நாம ரெண்டு பேர்தானே?"

"ஆமா."

"ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டிருக்காங்களே."

சீனு சட்டென்று அண்ணாந்து பார்த்தார். தன் மேசைக்கு நேர் மேலே, சீலிங்கில், தோசைக்கல் அளவுக்கு ஈரமாக ஒரு வட்டம் இருந்தது.

"மேல என்ன?"

"ஒரு ராவ்ஜி மெஸ் வெச்சிருக்கார். சாப்பாடு பரவாயில்லை," என்றார் வெங்கடகிருஷ்ணன்.

சீனு எழுந்து மேசையின் ஒரு முனையைப் பிடித்துச் சுவர் ஓரமாக இழுக்கப் போனார். வெங்கடகிருஷ்ணன் மெதுவாக அவர் கையைப் பிடித்தார்.

"அவசரப்படாதீங்க. மேசையை நகர்த்தறதுக்கு ஹெட் ஆபீஸ்லேர்ந்து ஆர்டர் வரணும். நான் எழுதிப் போட்டிருக்கேன். குழு அமைச்சிருக்காங்களாம்."